லைட்டு எரியலைங்க

எங்கள் கார் பதினாறாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனபோது நான் பாதி மயிலாக இருந்தேன். தலையில் கொண்டை, மூக்கின் மேல் அட்டை அலகு, உடம்பில் பளபளக்கும் நீலச் சட்டை எல்லாம் ஏறிவிட்டன. தோகை மட்டும் பின்சீட்டில் பழைய சேலைக்குள் சுருண்டு கிடந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா நான்கு மணிக்கு. மணி அப்போதே மூன்றைத் தாண்டியிருந்தது.

அப்பா பானெட்டைத் திறந்தார். குப்பென்று ஆவி எழும்பி அவருடைய முகத்தை மறைத்தது. தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் காரை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தன. என்னைத்தான் கூடுதல் நேரம் பார்த்ததாக ஞாபகம்.

நாங்கள் நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மா அந்த எஸ்டேட்டிலேயே வேலை செய்தாள். அப்பா முன்பு எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, ஏற்காட்டுக்கு வருகிறவர்களை ஏரிக்கும் மலைமுனைகளுக்கும் கூட்டிப்போய்க் காட்டத் தொடங்கினார். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் கார் ஸ்டாண்டு. இருந்த வீடு எஸ்டேட்டுடையது, வாசலில் நின்ற கொய்யா மரமும் எஸ்டேட்டுடையது. எங்களுடையது என்று கை நீட்டிக் காட்ட அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாளுக்கு முன்பு அப்பா காரை அடிவாரத்தில் இருந்த பட்டறையில் விட்டிருந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஓஸ் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. அந்தப் பட்டறைக்காரரிடம் அவர் எட்டு வருடமாகப் போய்வந்தார். இவர் அவரை அண்ணா என்பார், அவர் இவரைத் தம்பி என்பார். எங்கள் வீட்டுக் காது குத்துக்கு அவர் வந்து சாப்பிட்டிருக்கிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

விழா நாள் காலையில் அப்பாவும் நானும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். வாடகைக்கு மயில் உடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் பட்டறைக்குத் திரும்பினோம். வேலை இன்னும் முடியவில்லை. பட்டறைக்காரர் காருக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டிருந்தார். நான் உடுப்பை மாட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“மாமா, நேரமாச்சுங்க. சீக்கிரம் பண்ணுங்க மாமா.”

இதை நான் எத்தனை தடவை சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. கடைசியில் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மயிலு பறக்கோணுமாம் தம்பி. இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க. புது ஓஸு. மூணு வருசத்துக்குக் கவலையில்ல.”

பானெட்டை அறைந்து மூடினார்.

பதினோராவது வளைவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நான் முன்சீட்டில் இருந்ததால் முதலில் பார்த்தது நான்தான். “அப்பா, செவப்பு லைட்டு” என்றேன். அவர் குனிந்து பார்த்தார். காரை ஓரம் கட்டுவதற்காக வேகத்தைக் குறைத்தார். நான் அழத் தொடங்கினேன்.

“நிக்காதீங்கப்பா. டீச்சர் என்னைய உட்டுட்டு ஆடச் சொல்லிருவாங்க. போங்கப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். “புது ஓஸு தான? ஒண்ணும் ஆவாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கியரை மாற்றினார். அதற்குப் பிறகு ஐந்து வளைவுகள் வரை கார் ஏறியது.

மேலே போகிற பஸ் ஒன்றை நிறுத்தி, கண்டக்டரிடம் என்னையும் தோகையையும் ஒப்படைத்துவிட்டு அப்பா காரோடு நின்றுகொண்டார். நான் போய் ஆடினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா கை தட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டுக்கு வந்தபோது நான் மயில் சட்டையோடு தூங்கிப்போயிருந்தேன்.

மறுநாள் ஒரு பிக்கப் வண்டியில் கயிறு கட்டி, காரைப் பட்டறைக்கே இறக்கினார்கள். என்ஜின் சூட்டில் இறுகிப்போய்விட்டது என்றார் பட்டறைக்காரர். ஓஸை மாட்டிய இடத்தில் கிளிப்பு கழன்று தொங்கியது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்: “கிளிப்பு கழண்டிருக்குது, செரி. ஆனா தண்ணி போனதும் லைட்டு எரிஞ்சிருக்கோணுமே தம்பி. எரிஞ்சப்பவே நிறுத்தியிருந்தா ஓஸோட போயிருக்கும். என்ஜின் எப்படிப் போச்சு?”

அந்தக் கேள்வியில் தொடங்கிய வழக்கு இரண்டு மாதம் நடந்தது.

சனிக்கிழமைதோறும் அப்பா பட்டறைக்கு இறங்கினார். முதல் வாரம் தனியாகப் போய்வந்தார். ஏதோ வார்த்தை தடித்துவிட்டது போலிருக்கிறது, திரும்பி வந்தவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டு, நல்ல பாவாடை உடுத்தி, “அப்பாகூடப் போய்ட்டு வா” என்றாள். அப்பா எதற்கு என்று கேட்டதற்கு, “கொளந்த பக்கத்துல இருந்தா வாய அடக்குவீங்கள்ல” என்றாள். ஆக, ஒரு மனிதனின் வாய்க்குப் பூட்டாக நான் மலையிறங்கத் தொடங்கினேன்.

நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அடிவாரத்துக்கு இன்னொரு பஸ். இருபது வளைவிலும் வயிற்றைப் பிரட்டும். பதினாறாவது வளைவு வரும்போது அப்பா வெளியே பார்க்க மாட்டார். பட்டறையில், ஏதோ வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட பின்சீட்டு ஒன்று சுவரோரம் கிடக்கும். அதில்தான் உட்காருவோம். எங்கள் கார் மூலையில், பானெட்டைத் திறந்தபடியே தூசி படிந்து நிற்கும். பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அப்பா காத்திருப்பார். அரை மணி, முக்கால் மணி. அவர் வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “டீ சாப்பிடறீங்களா தம்பி?” என்பார். டீ வரும். எனக்குப் பாலும் பன்னும் வரும். அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும்.

“ஏனுங்ணா, கிளிப்ப முறுக்காம உட்டது நீங்க. எனக்கெதுக்குங்க இந்தத் தண்டன?”

“முறுக்கலைன்னு எப்புடிச் சொல்றீங்க? மலையில ஏறுற அதிர்வுல கழண்டிருக்கலாம்.”

“ஒரே நாள்ல கழலுமாங்க?”

“அது போவட்டும் தம்பி. லைட்டு எரிஞ்சுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

இந்த இடத்துக்கு வந்ததும் அப்பா திசை மாறிவிடுவார். வெயில் முகத்தில் அடித்தது என்பார். வளைவில் ரோட்டைப் பார்ப்பதா விளக்கைப் பார்ப்பதா என்பார். அந்த டேஷ்போர்டு விளக்குகள் எப்போது ஒழுங்காக எரிந்தன என்பார். எரிந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார். எரியவில்லை என்றும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பேச்சு அந்தக் கேள்விவரை வந்து, அதைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனது. பட்டறைக்காரரும் அப்படித்தான். கிளிப்பை நன்றாக முறுக்கினேன் என்று அவர் ஒருநாளும் சத்தியம் செய்யவில்லை. கழன்றிருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொன்றும் அவர்கள் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தியது என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளை அழுததால்தான் நிறுத்தாமல் வந்தேன் என்று அப்பா சொல்லியிருக்கலாம். நான் நடுவில் உட்கார்ந்து பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். இருவரும் என் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள்.

சேலத்திலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார் அப்பா. அவர் என்ஜினை எட்டிப் பார்த்துவிட்டு, “தப்பு ரெண்டு பக்கமும் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, வந்த பைக்கிலேயே போய்விட்டார். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் சிலர் அந்தப் பட்டறைக்கு வண்டி விடுவதை நிறுத்தினார்கள். போகப்போக அங்கே வண்டிகள் குறைந்ததை நானே பார்த்தேன். ஒரு சனிக்கிழமை எங்கள் காரைத் தவிர வேறொன்றும் நிற்கவில்லை. அன்றைக்கும் எங்களைப் பார்த்ததும் அவர், ஒளிந்துகொள்ள வண்டி இல்லாமல், எங்கள் காருக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் அப்பா மற்றவர்களின் காருக்கு மாற்று டிரைவராகப் போனார். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் ஸ்டாண்டில் நின்றுவிட்டு நடந்தே வருவார். அம்மா அவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மட்டும், அடுப்பைப் பார்த்தபடியே, “எத்தன சனிக்கெழம இன்னும்? கோடை சீசன் போயிருச்சுன்னா அப்பறம் வண்டி இருந்தும் என்ன, இல்லாட்டி என்ன?” என்றாள். மே மாதம் தவறினால் வருடமே தவறியது போலத்தான் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு டீ வரவில்லை. பட்டறைக்காரர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல இருந்தார். அப்பா பழைய பேச்சைத் தொடங்கினார். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“போதும் தம்பி. எனக்கும் முடியல, உங்களுக்கும் முடியல. முன்னாடி சீட்டுல கொளந்த உக்காந்திருந்துச்சுல்ல? அதையே கேட்டுருவோம். லைட்டு எரிஞ்சுதுன்னு சொல்லுச்சுன்னா பொறுப்பு உங்களுது. எரியலைன்னு சொல்லுச்சுன்னா என்ஜின நானே கட்டித் தர்றேன். வேற பேச்சு வேண்டாம்.”

“கொளந்தைய எதுக்குங்ணா இதுல இளுக்கறீங்க?” என்றார் அப்பா. அவருடைய குரல் ஏறவில்லை.

“பொய் சொல்லாத வயசு தம்பி.”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பட்டறையில் யாரோ என்னிடம் ஒன்று கேட்கிறார்கள். அப்பாவின் சட்டைக் காலர் நைந்திருப்பது அப்போது என் கண்ணில் பட்டது. எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கணக்குப் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல் இருந்தது.

“லைட்டு எரியலைங்க மாமா” என்றேன்.

“நல்லாப் பாத்தியா சாமி?”

“நான் அதையேதான் பாத்துட்டிருந்தனுங்க. எரியவே இல்ல. சத்தியமா.”

கேட்காத சத்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். பட்டறைக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு எழுந்து பின்புறத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

“செரி. நான் பாத்துக்கறேன். மே பொறக்கறதுக்குள்ள வண்டி ஓடும்” என்றார்.

அப்பா நன்றி சொல்வார் என்று நினைத்தேன். எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் நான் காத்துக்கொண்டே வந்தேன். கெட்டிக்காரி என்று ஒரு சொல், அல்லது ஏற்காட்டில் இறங்கியதும் ஒரு மிளகாய் பஜ்ஜி. ஐந்தாவது வளைவு போனது, பத்தாவது வளைவும் போனது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கேட்டேன்.

“நாமதான செயிச்சோம்ப்பா?”

“தூக்கம் வருதா கண்ணு? சாஞ்சுக்க” என்றார்.

சொன்னபடி மே பிறப்பதற்கு முன்பே ஆள் சொல்லி அனுப்பினார் பட்டறைக்காரர். சேலத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் அலைந்து, என்ஜினுக்கு வேண்டிய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தாராம். நானும் அப்பாவும் போனபோது கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்து சாவியை ஒரு சுற்று திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்தன, அந்தச் சிவப்பு விளக்கும்தான்.

“இந்த லைட்ட மட்டும் நான் தொடவேயில்ல தம்பி” என்றார்.

என்ஜினைக் கிளப்பிவிட்டு இறங்கிக்கொண்டார். விளக்கைப் பழுது பார்க்கிற வேலை அவருக்கு மிச்சமாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பா காரில் ஏறுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. சட்டைப் பையைத் தொட்டார், கண்ணாடியைத் துடைத்தார், நன்றாக இருந்த டயரைக் குனிந்து பார்த்தார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் விடியற்காலையில் அவர் தனியாக மலையிறங்கினார். நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். வழக்கில் ஜெயித்துக் கொடுத்தவள் நான் அல்லவா! “இன்னிக்கு நீ வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். உச்சிவேளைக்குத் திரும்பி வந்தவர், வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். சீசன் முழுவதும் கார் ஓய்வில்லாமல் ஓடியது.

ஜூனில் மழை பிடித்ததும் மலைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அப்பா வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் புதனும், காலை முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்குப் போகத் தொடங்கினார். பொழுது சாயும்போது வருவார். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருக்கும். கையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சில நாள் முழங்கை சிராய்த்திருக்கும். முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வார், அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பட்டறைக்கு என்பார். என்ன வேலை என்றால், எல்லா வேலையும் என்பார். மழைக்காலம் முடிந்து காபிப் பழம் சிவக்கும்வரை இது நடந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம் கேட்டேன், அந்த வருடம் அப்பா எதற்காகப் பட்டறைக்குப் போனார் என்று. அம்மா ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல் சொன்னாள்.

“லைட்டு எரிஞ்சுதுன்னு உங்கொப்பா போய்ச் சொல்லிப்போட்டாரு. கொளந்த பாசத்துல சொல்லிருச்சு, நான் அங்கயே மறுக்காம வந்துட்டேன்னு. அவரும் கிளிப்ப செரியா முறுக்கலைன்னு ஒத்துக்கிட்டாரு. தப்பு ரெண்டு பேர்த்துக்கும் பாதிப் பாதின்னு பேசிக்கிட்டாங்க. உங்கொப்பாவோட பாதிக்கு அங்க போயி ஒளைச்சாரு.”

“எங்கிட்ட ஏம்மா யாரும் சொல்லல?”

“சொன்னா நீ அளுவியே” என்றாள்.

ஆனால் ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா என்ஜின் வேலை கற்றுக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். இனிமேல் கார் நின்றால் அவரே சரிசெய்துவிடுவார், யாரிடமும் போய் உட்கார வேண்டியதில்லை. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம், மழையில் நனைந்து, கறுத்த கையோடு அவர் வந்து உட்கார்ந்தபோது, பெருமை தாங்காமல் கேட்டேன்.

“இப்பொ நீங்களே ஒரு என்ஜின முழுசா கட்டிருவீங்களாப்பா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

“பாதி தெரியும் கண்ணு” என்றார்.

மீதியையும் சீக்கிரம் படித்துவிடுங்கள் என்று நான் அவருக்குப் புத்தி சொன்னேன்.